தேம்ஸ் படகும் டன்கிர்க் பித்தளைத் தகடும்

லண்டனின் தென்மேற்கில், கிங்ஸ்டன் அருகில், 1930களில் கட்டப்பட்ட மரப்படகு ஒன்று விலைக்கு வந்திருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். அது 1940இல் டன்கிர்க் கடற்கரைக்குப் போய் வீரர்களை மீட்டுவந்த படகு என்று விற்பவர் சொல்கிறார். உள்ளறைச் சுவரில் ‘டன்கிர்க் 1940’ என்று பொறித்த பித்தளைத் தகடும் இருக்கிறது. வாங்கினால் டன்கிர்க் சிறுகப்பல்கள் சங்கத்தில் உறுப்பினராகலாம் என்று ஆசையும் காட்டுகிறார். இந்தச் சங்கம் எப்படித் தோன்றியது, அதன் வரலாறு என்ன என்பது நீங்கள் கேட்டது. அந்தக் கேள்விக்கு அடியில் இன்னொன்றும் இருப்பதாக எனக்குப் படுகிறது: ஒரு படகின் கடந்த காலத்தை யார், எதை வைத்து, மெய் என்று சொல்கிறார்கள்? இரண்டையும் பிரித்துப் பதில் சொல்ல முடியாது. பழைய மரப்படகுச் சங்கங்கள் பெரும்பாலும் படகின் வயதையும், பாயின் அமைப்பையும், கட்டிய பட்டறையின் பெயரையும் பார்த்து ஆளைச் சேர்க்கும். இந்தச் சங்கமோ 1940ஆம் ஆண்டின் ஒன்பது பத்து நாள்களில் அந்தப் படகு எங்கே இருந்தது என்று கேட்கிறது. ஆகவே இதன் வரலாற்றில் பெரும்பகுதி, சான்று தேடிய வரலாறுதான்.

நான் தூத்துக்குடியில் தோணி கட்டும் ஓடாவிக் குடும்பத்தில் பிறந்தவன். இருபத்தைந்து ஆண்டுகளுக்கு மேலாகத் தேம்ஸிலும் மெட்வே நதியிலும் மரப்படகுகளைக் காப்பீட்டுக்காகவும் விற்பனைக்காகவும் ஆய்ந்து அறிக்கை தரும் சர்வேயராக இருக்கிறேன். இந்தச் சங்கத்தில் நான் பொறுப்பாளனும் அல்லன், உறுப்பினனும் அல்லன். உறுப்பினர்களுடைய படகுகள் சிலவற்றை அடிமரமான ஏராவிலிருந்து மேல்தளம் வரை சுத்தியலால் தட்டிப் பார்த்திருக்கிறேன், அவ்வளவே. மரத்தைப் பற்றி நான் சொல்வது கைப்பழக்கம். 1940ஐப் பற்றிச் சொல்வது படித்தறிந்தது. இந்த வேறுபாட்டை மனத்தில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

முதலில் ஐயத்துக்கு இடமில்லாதவற்றைச் சொல்லிவிடுகிறேன். 1940 மே மாதத்தில் ஜெர்மன் படைகள் வடக்குப் பிரான்சை ஊடறுத்துக் கடலை எட்டியதும், பிரிட்டிஷ் படையும் பிரெஞ்சுப் படையின் ஒரு பெரும்பகுதியும் டன்கிர்க் துறைமுகத்தைச் சுற்றிய குறுகிய நிலத்தில் அடைபட்டன. பிரிட்டிஷ் இந்தியப் படையின் கோவேறுகழுதைப் பிரிவினரும் அந்தக் கூட்டத்தில் இருந்தார்கள் என்பது நம்மவர் பலருக்குத் தெரியாது. மே 26 மாலையில் தொடங்கி ஜூன் 4 வரை நடந்த மீட்புக்கு ஆப்பரேஷன் டைனமோ என்று பெயர். டோவர் கோட்டைக்குக் கீழே குடைந்த சுரங்க அறைகளிலிருந்து அதை நடத்தியவர் வைஸ் அட்மிரல் பெர்ட்ராம் ராம்சே. மே 27 அன்று 7,669 பேராக இருந்த நாள் கணக்கு மே 31 அன்று 68,014 பேராக ஏறியது; முடிவில் இங்கிலாந்துக் கரையில் இறங்கியவர்கள் 3,38,226 பேர். இவர்களில் 2,39,000க்கும் மேற்பட்டோர் துறைமுகத்திலிருந்தும் அதன் கிழக்கு அலைதடுப்புச் சுவரிலிருந்தும் நேரே கப்பலேறியவர்கள். திறந்த மணற்கரையிலிருந்து ஏற்றப்பட்டவர்கள் 98,000 சொச்சம் பேர். அதாவது, சிறு படகுகளே ஒரு படையை மீட்டுவிட்டன என்ற பரவலான எண்ணம் கணக்கோடு ஒத்துப்போகவில்லை. பெரும்பாலோரை ஏற்றி வந்தவை போர்க்கப்பல்களும், ஆங்கிலக் கால்வாயைக் கடந்து பயணிகளை ஏற்றிச் சென்றுகொண்டிருந்த பெரிய கப்பல்களுமே.

அப்படியானால் சிறு படகுகளின் பங்கு குறைவா என்றால், இந்த இடத்தில்தான் எண்கள் கண்ணை மறைக்கின்றன. டன்கிர்க்குக்குக் கிழக்கே மாலோ, பிரே, லா பான் என்று நீளும் கடற்கரை சாய்வே இல்லாததுபோல் படுத்துக்கிடக்கும் மணல். அலை வற்றும்போது நீர் எங்கோ போய்விடும். ஆழம் வேண்டிய போர்க்கப்பல் கரையிலிருந்து வெகுதூரம் தள்ளியே நிற்க முடியும். மார்பளவு நீரில் வரிசையாக நின்ற ஆட்களை அந்தக் கப்பலின் பக்கத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்க்க இரண்டு மூன்றடி ஆழத்தில் மிதக்கும் படகு வேண்டும். தேம்ஸ் நதியின் உல்லாசப் படகுகள் செய்தது இந்த வேலையைத்தான்: கரைக்கும் கப்பலுக்கும் இடையே பகலும் இரவும் நடை போட்டன. ஆட்களை எண்ணியதோ இங்கிலாந்தில் இறங்கும்போது. ஒரு சிறு படகு நாள் முழுவதும் ஐந்நூறு பேரைக் கொண்டுபோய் ஒரு போர்க்கப்பலில் ஏற்றியிருந்தால், அந்த ஐந்நூறும் போர்க்கப்பலின் கணக்கில் விழும். படகு கடைசியில் தன்னோடு கூட்டிவந்த இருபது பேர் மட்டுமே அதன் பெயரில் நிற்பார்கள். ஆகவே ‘இந்தப் படகு இத்தனை பேரைக் காப்பாற்றியது’ என்று யார் எண் சொன்னாலும், கூட்டிவந்த எண்ணா, கொண்டுபோய் ஏற்றிய எண்ணா என்று கேளுங்கள். முன்னதற்குச் சில சமயம் தாள் இருக்கும். பின்னது அநேகமாக எப்போதும் நினைவிலிருந்து சொன்ன மதிப்பே.

வானொலியில் அழைப்பு வந்தது, மக்கள் தாமாகவே படகெடுத்துப் புறப்பட்டார்கள் என்ற கதையையும் கொஞ்சம் பிரித்துப் பார்க்க வேண்டும். அறிவிப்பு ஒன்று வந்தது உண்மை. ஆனால் அது மே 14 அன்று, மீட்பு தொடங்குவதற்குப் பன்னிரண்டு நாள்கள் முன்னரே, பிபிசி இரவுச் செய்தியில் வந்தது. 30 முதல் 100 அடி வரை நீளமுள்ள, சொந்தப் பொறியில் ஓடும் உல்லாசப் படகுகளை வைத்திருப்போர் பதினான்கு நாள்களுக்குள் விவரம் தர வேண்டும் என்பதே அந்த உத்தரவு. அப்போது டன்கிர்க் யார் மனத்திலும் இல்லை. ஜெர்மானியர் கடலில் போட்டிருந்த காந்தக் கண்ணிவெடிகள் இரும்புக் கப்பல்களைக் குடித்துக்கொண்டிருந்தன. மரக்கலத்துக்கு அந்த ஆபத்து குறைவு. மரக்கலம் கட்டத் தெரிந்த பட்டறைகளெல்லாம் அந்தக் கண்ணிகளை அகற்றும் கண்ணிவாரிக் கப்பல்களைக் கட்டுவதில் மூழ்கியிருந்தன. ஆகவே கடற்படைக்குச் சில்லறை வேலைகளுக்கு வேண்டிய சிறு கலங்களை வெளியிலிருந்துதான் திரட்ட வேண்டியிருந்தது. மரம் என்பதாலேயே இந்தப் படகுகள் பட்டியலேறின என்பதை நான் சற்று அழுத்தியே சொல்வேன், தொழில் பாசம் என்று நீங்கள் நினைத்தாலும் சரி.

மே 27 முதல் திரட்டல் வேகம் பிடித்தது. டெடிங்டனில் படகுத்துறை வைத்திருந்த டக்ளஸ் டஃப் தம் துறையில் இருந்தவற்றையும் நதி நெடுகப் பார்த்துப் பிடித்தவற்றையும் சேர்த்து நூற்றுக்கும் மேற்பட்ட படகுகளைத் திரட்டினார். அவை நதி வழியே இழுத்துச் செல்லப்பட்டு, ஷீர்னஸில் பொறி சரிபார்க்கப்பட்டு, எண்ணெய் நிரப்பப்பட்டு, ராம்ஸ்கேட்டுக்குப் போய்க் கால்வாயைக் கடந்தன. பல உரிமையாளர்களுக்குப் படகு போன சேதியே பிறகுதான் தெரிந்தது. பெரும்பாலான படகுகளைச் செலுத்தியவர்கள் கடற்படையினரும் கடற்படை அவசரமாகச் சேர்த்துக்கொண்டவர்களும். உரிமையாளரே சுக்கான் பிடித்துப் போனதும் உண்டு. ஆனால் அது விதிவிலக்கு, விதிவிலக்கு என்பதாலேயே அந்தப் பெயர்கள் நினைவில் நிற்கின்றன. டைட்டானிக் கப்பலின் இரண்டாம் அதிகாரியாக இருந்து உயிர்தப்பிய சார்லஸ் லைட்டாலர் அப்போது 66 வயதுக்காரர். சன்டவுனர் என்ற 58 அடிப் படகைக் கடற்படை ஆட்களிடம் ஒப்படைக்கச் சொன்னபோது, போவதென்றால் நானே போகிறேன் என்று மகனையும் ஒரு கடற்சாரணப் பையனையும் கூட்டிக்கொண்டு ஜூன் 1 அன்று கடந்தார். சுமார் 130 பேரை அடைத்துக்கொண்டு திரும்பினார். தேம்ஸ் முகத்துவாரத்தில் லீ என்ற ஊரிலிருந்து மட்டி அள்ளும் படகுகள் ஆறு, அவற்றின் மீனவர்களோடே போயின. திரும்பும் வழியில், பொறி பழுதாகி இழுத்துவரப்பட்ட ரினௌன் கண்ணியில் பட்டுச் சிதறி, அதிலிருந்த நால்வரும் மாண்டார்கள். அந்த ஆறில் எண்டெவர் இன்றும் மிதக்கிறது. உயிர்காப்புப் படகுகள் பத்தொன்பது போயின. அவற்றுள் ராம்ஸ்கேட், மார்கேட் படகுகள் இரண்டு மட்டுமே சொந்த ஆட்களோடு போனவை.

மொத்தம் எத்தனை கலங்கள்? இதற்கு ஒரே எண்ணாகப் பதில் சொல்பவரை நம்பாதீர்கள். பிரிட்டிஷ் கடற்படைக் கலங்கள் 222, மற்றக் கலங்கள் 665 என்பது அந்நாளில் சொல்லப்பட்ட கணக்கு. போர் முடிந்தபின் சர்ச்சில் தந்த அட்டவணையில் பிரிட்டிஷ் கலங்கள் 693, நேச நாட்டுக் கலங்கள் 168, ஆக 861; அவற்றில் மூழ்கியவை 243. கப்பல்களின் சொந்த உயிர்ப்படகுகளும் பதிவே இல்லாத தனியார் சிறு படகுகளும் இந்த அட்டவணையில் சேரவில்லை. ராம்சேயின் அதிகாரபூர்வ அறிக்கை அரசிதழான லண்டன் கெசட்டின் இணைப்பாக 1947 ஜூலையில்தான் பொதுவெளிக்கு வந்தது. கணக்குகள் ஒத்துப்போகாதது எழுதியவர்களின் குறை அன்று. ஒரே படகில் இரண்டு நாளில் மூன்று குழுக்கள் மாறியிருக்கும். நடுக்கடலில் இழுவைக் கயிறு அறுந்த படகு பெயர் தெரியாமலே மூழ்கியிருக்கும். ஒரே பெயரில் பல படகுகள் இருந்திருக்கும். கடற்கரையூர்களில் உல்லாசப் பயணிகளை ஏற்றும் படகுக்கு ‘ஸ்கைலார்க்’ என்று பெயர் வைப்பது அந்தக் காலத்து வழக்கம், நம் ஊரில் லாரிக்கு முருகன் துணை என்று எழுதுவதுபோல. பட்டியலில் ஸ்கைலார்க் என்று ஒரு வரி இருந்தால் அது எந்த ஸ்கைலார்க் என்று இன்று சொல்வது எளிதன்று.

இனிச் சங்கத்துக்கு வருகிறேன். போருக்குப்பின் இந்தப் படகுகளை யாரும் கொண்டாடவில்லை. சில, கடற்படை வேலையிலேயே போர் முடியும்வரை உழன்று நைந்து திரும்பின. சில கைமாறி, பெயர்மாறி, வீட்டுக்கு வழியில்லாதவர்கள் குடியிருக்கும் படகுகளாகக் கரையோரம் கட்டிக்கிடந்தன. 1950களின் இறுதியிலும் 1960களிலும் கண்ணாடியிழைப் படகுகள் பெருகியதும் மரப்படகின் விலை சரிந்தது. ஆண்டுதோறும் பலகை இடுக்குகளை அடைத்துக் கலப்பத்து அடித்து, சாயம் பூசி, மழைக்கு மூடிவைக்க வேண்டிய ஒன்றை யார் வாங்குவார்கள்? அந்தச் சரிவுக்கு எதிர்வினையாகத்தான் பிரிட்டனில் பழைய படகுச் சங்கங்கள் முளைக்கத் தொடங்கின. காஃப் என்ற பழைய நாற்கோணப் பாயமைப்பை விடாதவர்கள் ஓல்ட் காஃபர்ஸ் சங்கத்தை 1963இல் தொடங்கினார்கள். டன்கிர்க் சங்கமும் அதே காலத்துப் பயிர்தான்; விதை மட்டும் வேறு.

அந்த விதையை ஊன்றியவர் பிபிசி ஒலிபரப்பாளர் ரேமண்ட் பாக்ஸ்டர். போரில் ஸ்பிட்ஃபயர் விமானியாக இருந்தவர்; பிற்பாடு அறிவியல் தொலைக்காட்சி நிகழ்ச்சி வழியே பிரிட்டன் முழுவதும் அறிந்த முகம். அவரிடமிருந்த லோராஜ் என்ற படகும் டன்கிர்க் போய்வந்ததே. 1965இல், மீட்பின் இருபத்தைந்தாம் ஆண்டில், அப்படிப் போய்வந்த படகுகளில் எஞ்சியவற்றைத் தேடித் திரட்டி மீண்டும் டன்கிர்க்குக்கு அழைத்துப்போவது என்று முயன்றதில் 43 படகுகள் சேர்ந்து கால்வாயைக் கடந்தன. இப்படி ஒன்றுகூடிய படகுகள் மறுபடி சிதறிப்போகக் கூடாது என்ற எண்ணத்தில் எழுந்ததே டன்கிர்க் சிறுகப்பல்கள் சங்கம். போர் முடிந்த கையோடு வீரர்களோ அரசோ தொடங்கியது அன்று. இருபத்தைந்து ஆண்டுகள் கழித்து, பெரும்பாலும் போருக்குப்பின் படகை வாங்கியவர்கள் கூடித் தொடங்கியது. படகை வைத்திருப்பவர் டன்கிர்க்கில் இருந்தவர் அல்லர், படகுதான் இருந்தது என்ற நிலை முதல் நாளிலிருந்தே உண்டு. இந்தச் சங்கத்தில் உண்மையில் உறுப்பினர் படகுதான், உரிமையாளர் அதன் காவலர் என்று நான் சொல்வது வழக்கம். படகை விற்றால் அந்தத் தகுதியும் படகோடு அடுத்தவரிடம் போகிறது. உங்களிடம் விற்பவர் விலைபேசுவதும் அதை வைத்துத்தான்.

கொடி விஷயம் சிறியதாகத் தோன்றும். ஆனால் இவர்களுக்கு அது பெரிது. வெள்ளையில் சிவப்புப் புனித ஜார்ஜ் சிலுவையும் அதன் நடுவே டன்கிர்க் நகரின் சின்னமும் கொண்டது சங்கக்கொடி. அதற்குக் கடற்படைத் தலைமையும் டன்கிர்க் நகரமும் இசைவு தந்திருக்கின்றன. சின்னம் ஏதுமில்லாத வெறும் சிலுவைக் கொடியைப் படகின் முன்முனையான அணியத்தில் ஏற்றுவது கடற்படை அட்மிரலுக்கு உரிய மரியாதை. சிறுகப்பல்கள் கூட்டமாகச் செல்லும்போது அவற்றுக்கும் அந்த உரிமை உண்டு. ஆனால் உள்ளே அட்மிரல் இருப்பதாக யாரும் மயங்கிவிடக் கூடாது என்பதற்காகச் சங்கக்கொடியையும் கூடவே பறக்கவிட வேண்டும். முப்பதடிப் படகு ஒன்று போர்க்கப்பலுக்கு முன்னே இப்படிக் கொடி ஏற்றிப் போவதை ஒருமுறை பார்த்திருக்கிறேன். ஆங்கிலேயரின் நகைச்சுவையும் பெருமையும் ஒரே கம்பத்தில் ஏறும் இடம் அது.

ஐந்தாண்டுக்கு ஒருமுறை டன்கிர்க்குக்குத் திரும்பிப் போவது சங்கத்தின் முதன்மை நிகழ்ச்சி. இன்று உலகிலேயே நெரிசலான கப்பல் தடங்களில் ஒன்று டோவர் நீரிணை. தடத்தைக் குறுக்கே செங்கோணத்தில் வெட்டித்தான் கடக்க வேண்டும் என்பது சர்வதேச விதி. மணிக்கு ஆறேழு கடல் மைல் ஓடும் எண்பது வயதுப் படகுகள் அதைச் செய்வது விளையாட்டன்று. ஆகவே கடற்படையும் உயிர்காப்புப் படகுகளும் துணை வரும். காற்று மாறினால் காத்திருக்க வேண்டும். 2000ஆம் ஆண்டில், அறுபதாம் நினைவு நாளோடு, டன்கிர்க் முன்னாள் வீரர்களின் சங்கம் தன்னைக் கலைத்துக்கொண்டது; ஆட்கள் குறைந்து, நினைவைச் சுமக்கும் வேலை படகுகளின் மேல் விழுந்தது. 2012இல் எலிசபெத் அரசியின் வைர விழாவுக்குத் தேம்ஸில் நடந்த படகு ஊர்வலத்தில் இவற்றுக்கென்று தனி அணி இருந்தது. 2025 மே மாதம், 85ஆம் ஆண்டுக்கு, ராம்ஸ்கேட்டிலிருந்து அறுபதுக்கும் மேற்பட்ட படகுகள் புறப்பட்டன.

எல்லாப் படகுக்கும் இந்த நல்லூழ் வாய்க்கவில்லை. 1927இல் கட்டப்பட்ட ஸ்கைலார்க் 9 என்ற படகு டன்கிர்க் போய்வந்தது. பின்பு ஸ்காட்லாந்தின் லோமண்ட் ஏரியில் பல பத்தாண்டுகள் பயணிகளை ஏற்றி, கைவிடப்பட்டு, 2010இல் கரையோரம் கட்டிக்கிடந்த இடத்திலேயே மூழ்கியது. அதைத் தூக்கிச் செப்பனிடும் வேலையைப் போதைப் பழக்கத்திலிருந்து மீள்வோருக்கான தொழிற்பயிற்சியாக மாற்றினார்கள். மிகச் சிறியது என்று சொல்லப்படும் டாம்சின், பதினைந்தடிகூட இல்லாத திறந்த மீன்பிடிப் படகு, இம்பீரியல் போர் அருங்காட்சியகத்துக்குப் போய்விட்டது.

இப்போது சான்று. சங்கத்தில் ஆவணப் பொறுப்பாளர் இருக்கிறார். அவர் பார்ப்பவற்றை நீங்களும் ஓரளவு பார்க்கலாம். லண்டனின் கியூ பகுதியிலுள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் கடற்படைக் கோப்புகள் இருக்கின்றன. படகுப் பட்டறைகளின் பேரேடுகள், பழைய உரிமையாளர்களின் கடிதங்கள், கடற்படை படகை எடுத்துக்கொண்டதற்கும் திருப்பித் தந்ததற்குமான தாள்கள் ஆகியவை பெரும்பாலும் தனியார் கையில் இருக்கும். ஆனால் இவற்றுக்கெல்லாம் முன்னே, உங்கள் படகு எந்தப் படகு என்பது முடிவாக வேண்டும். பெயர் இதற்கு உதவாது, ஏனெனில் பெயர் மாறும். பிரிட்டிஷ் கப்பல் பதிவேட்டில் ஏறிய கலத்துக்கு ஓர் அதிகாரபூர்வ எண் உண்டு. கலத்தின் பிரதான உத்திரத்தில் அதைச் செதுக்கி வைக்க வேண்டும் என்பது சட்டம். கலம் எத்தனை கை மாறினாலும் அந்த எண் மாறாது. லாய்ட்ஸ் உல்லாசக்கலப் பதிவேட்டின் 1939ஆம் ஆண்டுப் பதிப்பில் கட்டியவர், ஆண்டு, நீளம், உரிமையாளர், முந்தைய பெயர்கள் எல்லாம் வரும். பதிவேட்டில் ஏறாத நதிப் படகானால் தேம்ஸ் நதி நிர்வாகத்தின் உரிமப் பதிவுகளைத் தேட வேண்டும்; அது மெனக்கெடு மிகுந்த வழி.

அடையாளம் முடிவான பிறகும் இரண்டு பள்ளங்கள் உண்டு, விவரம் தெரிந்தவர்களே விழுபவை. ஒன்று, ‘1940இல் கடற்படை எடுத்துக்கொண்டது’ என்ற தாளை டன்கிர்க் சான்றாகக் கொள்வது. அந்த ஆண்டில் கடற்படை எடுத்த படகுகளில் பல, ரோந்துக்கும் துறைமுகக் காவலுக்கும் போனவை. ஷீர்னஸ் வரை போய்க் கால்வாயைக் கடக்காமலே திரும்பியவையும் இருந்தன. தாளில் தேதியைப் பாருங்கள். ஜூன் 4க்குப் பிந்தியதென்றால் அந்தத் தாளால் பயனில்லை. மற்றொன்று, டன்கிர்க் முடிந்தபின் அதே ஜூன் மாதத்தில் லா ஆவ்ர் பகுதியிலும் மேற்குப் பிரெஞ்சுத் துறைமுகங்களிலும் வேறு மீட்புகள் நடந்தன. அவற்றில் போய்வந்தவர் பிற்காலத்தில் பேரனிடம் ‘பிரான்சுக்குப் போய் ஆட்களைக் கூட்டிவந்தோம்’ என்று சொல்லியிருப்பார். பேரன் அதை டன்கிர்க் என்றே கேட்டிருப்பான். பொய் சொல்பவர்களை நான் அதிகம் கண்டதில்லை. மெய்யாகவே நம்புகிறவர்களைத்தான் கண்டிருக்கிறேன், அவர்களிடம் மறுத்துச் சொல்வதுதான் கடினம்.

சில ஆண்டுகளுக்கு முன் மெட்வே நதியில் ஒரு படகை ஆய்ந்தேன். பித்தளைத் தகடு, சட்டமிட்ட செய்தித்தாள் துணுக்கு, எல்லாம் இருந்தன. பொறிக்கூடத்தில் படுத்துக்கொண்டு உத்திரத்தின் சாயத்தைச் சுரண்டினால் எண் கிடைத்தது; பதிவேட்டில் தேடினால் படகு கட்டப்பட்டதே 1947இல். உரிமையாளர் முதியவர், இருபது ஆண்டுகளாகத் தகட்டைத் தாமே மெருகேற்றி வந்தவர். சொன்னேன். கொஞ்ச நேரம் நதியைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, “தகடு மட்டும் நன்றாகத்தானே இருக்கிறது” என்றார். இதற்கு நேர்மாறாகவும் நடந்ததுண்டு. டன்கிர்க் போனதாக யாரும் சொல்லாத ஒரு படகின் அமரப் பலகையில், அதாவது பின்முனைப் பலகையில், கைவிளக்கைப் பக்கவாட்டில் பிடித்தபோது, ஏழெட்டுப் பூச்சு சாயத்துக்கு அடியில் பழைய பெயரின் செதுக்கல் நிழலாகத் தெரிந்தது. அந்தப் பெயரைப் பிடித்துக்கொண்டு உரிமையாளர் ஆறு மாதம் தேடி, கிடைத்த தாள்களைச் சங்கத்துக்கு அனுப்பினார். ஏற்பதும் மறுப்பதும் அவர்கள் முடிவு. அதில் சர்வேயருக்கு இடமில்லை.

மரத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. அந்தக் காலத் தேம்ஸ் படகுகளில் பொதுவாகக் கருவாலி (ஓக்) மரத்தாலான விலாச் சட்டங்களான வங்குகளின்மேல் தேக்கு, மகோகனி, அல்லது ஊசியிலை மரப் பலகைகள் செப்பாணியால் தைக்கப்பட்டிருக்கும். இவற்றைக் கொல்வது கடல்நீரன்று, மழைநீர். உப்பு மரத்தைக் காக்கும். மேல்தளத்தின் இடுக்கில் இறங்கித் தேங்கும் நன்னீர் அழுகலைக் கொண்டுவரும். எங்கள் ஊர்த் தோணிக்காரருக்கு இது பால பாடம். இங்கே ஆண்டு முழுவதும் நதியில் கட்டிக்கிடக்கும் படகை வாங்குபவர் பலருக்குத் தெரியாது. ஆகவே அணியத்தின் உட்புறமும் அறைக்கூரை பக்கப் பலகையைச் சந்திக்கும் விளிம்பும்தான் நான் முதலில் தட்டிப் பார்க்கும் இடங்கள். அசல் பொறி இருக்குமென்று எதிர்பார்க்காதீர்கள். பெட்ரோல் பொறியை எடுத்துவிட்டு டீசல் பொறி வைத்தது அநேகமாக எல்லாப் படகிலும் நடந்திருக்கும். பலகைகளில் பாதிக்குமேல் மாற்றப்பட்டிருக்கலாம். எத்தனை பலகை மாறினால் அது அந்தப் படகு இல்லாமல் போகும் என்று என்னைப் பலர் கேட்டிருக்கிறார்கள். தொழில் முறையில் என் விடை இது: ஏராவும் பிரதான உத்திரமும் தம் இடத்தில் இருந்து, ஒவ்வொரு பழுதுபார்ப்புக்கும் தாள் இருக்கும்வரை நான் அதை அதே படகு என்றே எழுதுவேன். மற்றொரு சர்வேயர் இதைவிடக் கடுமையாகச் சொல்லலாம். அவர் தவறு என்று நான் வாதாட மாட்டேன்.

உங்கள் விஷயத்தில் செய்ய வேண்டியது இவ்வளவுதான். முன்பணம் கொடுக்குமுன் விற்பவரிடம் அதிகாரபூர்வ எண்ணையும், முந்தைய பெயர்களையும், இப்போது இந்தப் படகு சங்கத்தின் பட்டியலில் இருக்கிறதா என்பதையும் எழுத்தில் கேளுங்கள். பட்டியலில் இருந்தால் சங்கமே உறுதிசெய்யும். ஒரு மின்னஞ்சல் போதும். இல்லையென்றால், டன்கிர்க் பெயருக்கென்று ஒரு பவுண்டுகூடக் கூடுதலாகக் கொடுக்காமல், வெறும் 1930களின் மரப்படகாக அதை எடைபோடுங்கள். அந்த விலைக்கும் பிடித்திருந்தால் வாங்குங்கள், சான்றைப் பிறகு நிதானமாகத் தேடலாம். படகைத் தண்ணீரிலிருந்து தூக்கிவைத்துத்தான் ஆய்வு செய்ய வேண்டும். மிதக்கும் நிலையில் செய்த ஆய்வறிக்கையை ஏற்காதீர்கள். நீங்கள் இணைத்திருந்த படங்களில் தகட்டைத்தான் நான்கு கோணத்தில் எடுத்திருக்கிறீர்கள். அடுத்த முறை போகும்போது பொறிக்கூடத்துப் பலகையைத் தூக்கி, பிரதான உத்திரத்தின் பின்பக்கத்தை விளக்கு வைத்துப் படமெடுத்து இங்கே இடுங்கள். எண் தெரிந்தால் எந்தப் பதிவேட்டில் தேடுவது என்று சொல்கிறேன்.